எம்ஜிபி காரில் மின் ஃபேன் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

எம்ஜிபி ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1976 வரை வந்த நான்கு சிலிண்டர் எம்ஜிபி கார்களில் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து பெல்ட்டில் சுழலும். அதைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் மின் ஃபேன் வைக்கும் வேலைக்கான வழிகாட்டி இது. 1977 மாடலில் இருந்தும், அதற்கு முன்பே வந்த வி8 மாடலிலும் தொழிற்சாலையிலேயே மின் ஃபேன் இருந்தது. அந்தக் கார்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஃபேனை முதலில் வாங்கிவிடுகிறார்கள். இடம் போதவில்லை, கரண்ட் போதவில்லை, காற்று எதிர்த் திசையில் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது பணம் செலவாகியிருக்கும். இந்த வேலையில் ஃபேன் வாங்குவது நடுவில் வருகிற படி. அதற்கு முன் காரைப் பற்றிச் சில விஷயங்கள் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எப்போது சூடேறுகிறது என்று முதலில் பாருங்கள்

ஃபேன் உதவுவது கார் நிற்கும்போதும் மெதுவாக நகரும்போதும்தான். சுமார் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் முன்னாலிருந்து வரும் காற்றே போதும், ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். நெடுஞ்சாலையில் மீட்டர் முள் ஏறி, சிக்னலில் நின்றால் இறங்குகிறது என்றால் உங்கள் பிரச்சினை ஃபேன் அல்ல. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்திருக்கலாம், இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம். இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னால் நகர்த்தும் வாக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யாத டிஸ்ட்ரிபியூட்டரும் இப்படித்தான் இன்ஜினைச் சூடாக்கும்.

டிராஃபிக்கில் மட்டும் சூடேறுகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள். அப்போதும் நான்கு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு இடையே மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா? பம்ப் ஷாஃப்ட்டை ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் சுற்றிலும் இருக்க வேண்டிய நுரைப்பட்டை இருக்கிறதா? இந்த நுரைப்பட்டையைப் பலர் கவனிப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் கிரில் வழியாக வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கத்து இடுக்கில் நழுவிவிடும். எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் அந்தக் காற்று திரும்பி வராது.

2. கரண்ட் கணக்கு

பானட்டைத் திறந்து காரில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். 1967 இறுதியில் வந்த இரண்டாம் மார்க்கில் (எம்ஜிபியின் இரண்டாம் பதிப்பில்) இருந்துதான் ஆல்டர்னேட்டர். அதற்கு முன் லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ. அதன் உச்ச வரத்து 22 ஆம்பியர், அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. ஐட்லிங்கில், அதாவது கார் நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அது கிட்டத்தட்ட எதுவுமே தராது. சார்ஜ் விளக்கு மங்கலாக எரிவது அதனால்தான்.

இப்போது மழை பெய்யும் இரவில் காருக்கு வேண்டிய கரண்டைக் கூட்டுங்கள். இக்னிஷன் 4, தாழ்த்திய ஹெட்லைட் 8 முதல் 9, பக்க விளக்கும் பின் விளக்கும் மீட்டர் விளக்குகளும் சேர்ந்து 3, வைப்பர் 3, ஹீட்டர் மோட்டார் 4. தோராயமாக 22 ஆம்பியர். டைனமோவின் முழுச் சக்தியும் இதிலேயே தீர்ந்தது. இதன் மேல் 10 ஆம்பியர் ஃபேன் வைத்தால் மிச்சம் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். ஃபேனுக்கு வேலை வருவதோ, டைனமோ எதுவும் தராத ஐட்லிங் நேரத்தில்.

டைனமோ உள்ள காருக்கு என் கருத்து இதுதான்: முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள், அல்லது பெல்ட் ஃபேனையே வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மட்டும் ஓட்டுகிறவர்கள் 7, 8 ஆம்பியர் எடுக்கும் சிறிய ஃபேனோடு சமாளிக்கலாம். ஆனால் நீண்ட டிராஃபிக்கில் பேட்டரி இறங்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும்.

ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 16ஏசிஆர் 34 ஆம்பியர், 17ஏசிஆர் 36, 18ஏசிஆர் 43. இவையும் உச்ச அளவுகள்தான். ஐட்லிங்கில் அதைவிட வெகுவாகக் குறையும். 17ஏசிஆர் இருந்தால் 10 முதல் 12 ஆம்பியர் எடுக்கும் ஒற்றை ஃபேன் தாராளமாக ஓடும். 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் பந்தய ஃபேன்கள் இந்தக் காருக்குத் தேவையில்லை.

3. எர்த் எந்தப் பக்கம்

எர்த் என்பது பேட்டரியில் காரின் பாடியோடு இணைந்திருக்கும் முனை. முதல் மார்க் கார்கள் பாசிட்டிவ் எர்த், இரண்டாம் மார்க்கில் இருந்து நெகட்டிவ் எர்த். ஆனால் இவ்வளவு காலத்தில் யாராவது மாற்றியிருக்கக்கூடும், அதனால் ஆண்டை நம்பாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து, பாடியோடு இணைந்திருக்கும் பேட்டரி கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 1974 வரை அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருந்தன. அப்படியே இருந்தால், பாடிக்குப் போகும் கேபிளைத்தான் பார்க்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் கேபிளை அல்ல.

பாசிட்டிவ் எர்த் காரில் சாதாரண ஃபேனும் சாதாரண ரிலேயும் (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேலை செய்யும், ஃபேனின் இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தால் போதும். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் மட்டும் கூடாது. அவை பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கென்றே செய்யப்பட்டவை, மாற்றிக் கொடுத்தால் உடனே எரிந்துவிடும். உள்ளே டயோடு உள்ள ரிலேயும் அப்படித்தான்: அதன் 86-ம் முனையில் பிளஸ், 85-ம் முனையில் மைனஸ் என்பது மாறக் கூடாது.

4. எந்த ஃபேன், எந்தப் பக்கம்

ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றைத் தள்ளுவது ஒரு வகை, பின்னால் இன்ஜின் பக்கம் நின்று இழுப்பது இன்னொரு வகை. ஒரே அளவு ஃபேன் இழுக்கும்போது கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். நெடுஞ்சாலையில் முன் பக்கக் காற்றையும் குறைவாகவே மறைக்கும். ஆனால் எம்ஜிபியில் பின் பக்கம் இடம் குறைவு, முன் பக்கம் தாராளம்.

பின் பக்க இடத்தை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். பெல்ட் ஃபேன் இல்லாமல் அளக்க வேண்டும் என்பதால், வாட்டர் பம்ப் புல்லியின் முகத்தில் இருந்து, ஃபேன் போல்ட் தலைகளைக் கழித்துவிட்டு, ரேடியேட்டர் துடுப்பு வரை அளவெடுங்கள். அதில் 25 மி.மீ. கழியுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்னால் நகரும். மிச்சம் இருப்பதுதான் ஃபேனின் மொத்தத் தடிமன், மோட்டார் முதுகையும் சேர்த்து. சந்தேகமாக இருந்தால் களிமண் உருண்டை ஒன்றை மோட்டார் முதுகு வரப்போகும் இடத்தில் ரேடியேட்டர் மீது ஒட்டி, மோட்டார் தடிமனுக்கு அதை வடிவமைத்துவிட்டு, புல்லிக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் முன் பக்கம்தான்.

பெரும்பாலானோருக்கு முன் பக்கத்தையே சொல்வேன். அதில் ஒரு பெரிய வசதி உண்டு: பெல்ட் ஃபேன் இருக்கும்போதே புதியதைப் பொருத்தி, ஒயரிங் செய்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்ற பிறகு பழையதைக் கழற்றலாம். காரில் ஆயில் கூலர் இருந்தால் அது ரேடியேட்டருக்கு முன்னால், கீழ்ப் பக்கம் உட்கார்ந்திருக்கும். அதன் குழாய்களுக்கும் ஃபேனுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து விட்டத்தை முடிவு செய்யுங்கள். 11 அல்லது 12 அங்குல ஃபேன் ஒன்று போதும்.

வாங்கும்போது தள்ளும் வகையா, இழுக்கும் வகையா என்று சொல்லியே வாங்குங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும், காற்றும் திரும்பும். ஆனால் வளைந்த இலைகள் ஒரு திசைக்காகவே வளைக்கப்பட்டவை. எதிர்த் திசையில் சுற்றினால் சத்தம் வரும், காற்று வெகுவாகக் குறையும். சில ஃபேன்களில் இலைச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடலாம். அப்படியானால் அதையும் செய்து, ஒயரையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது வீண்.

5. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஃபேன், 12 வோல்ட் 30 அல்லது 40 ஆம்பியர் நான்கு முனை ரிலே, அதற்கு ஒயரோடு வரும் சாக்கெட், மழை நீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர், 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இரண்டு. 3 சதுர மி.மீ. ஒயர் பழுப்பிலும் கறுப்பிலும் தலா மூன்று மீட்டர். ரிலே காயிலுக்கு 1 சதுர மி.மீ. ஒயர் பச்சையிலும் கறுப்பிலும். லூகாஸ் வண்ண முறையில் பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவி போட்டால் ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். புதிய ஒயரிலும் இதையே பின்பற்றினால் நாளை இந்தக் காரில் கை வைக்கும் எலக்ட்ரீஷியன் உங்களை வாழ்த்துவார்.

சாதாரண 1 சதுர மி.மீ. ஒயரில் ஃபேனை ஓட்ட முடியாதா என்று கேட்பார்கள். 12 ஆம்பியர், மூன்று மீட்டர் தூரம் என்றால் அந்த ஒயர் மட்டுமே 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். 3 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு 0.2 வோல்ட் அளவுதான். மோட்டாருக்குப் போகும் வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், காற்றும் குறையும்.

இவற்றோடு டெம்பரேச்சர் சுவிட்ச், அதைத் தாங்கும் ஹோஸ் அடாப்டர், புதிய ஹோஸ் கிளாம்ப்புகள், 25 மி.மீ. அகலம் 3 மி.மீ. தடிமன் அலுமினியப் பட்டை இரண்டு மீட்டர், ரப்பர் வாஷர்கள், நைலாக் நட்டுகள், ஒயர் முனையில் உலோக இணைப்பை அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் பிளையர், மல்டிமீட்டர். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பழையதாக இருந்தால் அதுவும் புதிது. எப்படியும் அதை வெட்டப்போகிறீர்கள்.

6. ஃபேனைப் பொருத்துதல்

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கிரில்லைக் கழற்றினால் முன் பக்கம் கை தாராளமாக நுழையும். ரேடியேட்டர் முகத்தில் ஒரு தடித்த அட்டையை வெட்டி வையுங்கள். ஸ்பேனர் ஒரு முறை நழுவினாலே துடுப்புகள் மடங்கிவிடும்.

ஃபேனோடு பெரும்பாலும் பிளாஸ்டிக் ஊசிகள் வரும், ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே செருகி மறுபக்கம் பூட்டுவதற்கு. அவற்றை ஒதுக்கி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் ஃபேனின் எடையும் அதிர்வும் முழுக்க மெல்லிய பித்தளைக் குழாய்களின் மேல் வருகிறது. நாளடைவில் ஊசி குழாயைத் தேய்த்து ஓட்டை போடும். நடு ரேடியேட்டரில் ஒழுக்கு வந்தால் புதுக் கோர்தான் போட வேண்டியிருக்கும்.

அதற்குப் பதில் இரண்டு அலுமினியப் பட்டைகளைச் செங்குத்தாகவோ குறுக்காகவோ போட்டு, ரேடியேட்டரின் பக்கத் தகட்டில் அல்லது அதைத் தாங்கும் பாடித் தகட்டில் போல்ட் போடுங்கள். ஃபேனின் காதுகள் இந்தப் பட்டைகளில் ரப்பர் வாஷரோடு உட்கார வேண்டும். ஃபேன் வளையத்துக்கும் ரேடியேட்டர் துடுப்புக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியை நுரைப்பட்டையால் மூடுங்கள். ஒட்டினால் தேயும், அதிகமாக விலகினால் தள்ளிய காற்று பக்கவாட்டில் வழிந்துவிடும்.

மோட்டாரில் நீர் வடியும் துளை இருந்தால் அது கீழ் நோக்கி இருக்கட்டும். போல்ட்டுகளை இறுக்கிய பிறகு இலைகளைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது ஒயரோ பட்டையோ உரசினால் இப்போதே தெரியும்.

7. டெம்பரேச்சர் சுவிட்ச்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது.

இடம்: மேல் ஹோஸில் வையுங்கள். குறிப்பிட்ட சூட்டில் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி இன்ஜினில் இருந்து வரும் சூடான நீர் அங்கேதான் ஓடுகிறது. கீழ் ஹோஸில் வைப்பவர்களும் உண்டு. ரேடியேட்டர் உண்மையில் எவ்வளவு ஆற்றுகிறது என்பதை அங்கே பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பெல்ட் அறுந்து நீரோட்டம் நின்றால் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், ஃபேன் ஓடாது. அளவும் வேறாக வைக்க வேண்டும். முதல் முறை செய்கிறவருக்கு மேல் ஹோஸ்தான் பாதுகாப்பு.

வகை: நீண்ட மெல்லிய செப்புக் குழாயும் முனையில் குமிழும் கொண்ட பழைய கன்ட்ரோலர்களில், குமிழை ஹோஸுக்குள் விட்டு, குழாய் மட்டும் ஹோஸின் விளிம்பு வழியாக வெளியே வரும். அந்த இடத்தில் கிளாம்ப் முழுதாக அழுத்தாது, சூடேறியதும் ஒழுகும். அதைவிட, ஹோஸை வெட்டி நடுவில் செருகும் அலுமினிய அடாப்டரும் அதில் திருகும் சுவிட்ச்சும் நல்லது. ஹோஸின் உள் விட்டத்தை அளந்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள்.

எர்த்: ஒற்றை முனை சுவிட்ச் என்றால் அதன் உடல்தான் எர்த். ஆனால் அடாப்டர் இரண்டு ரப்பர் ஹோஸ்களுக்கு நடுவே மிதக்கிறது, எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டரில் ஒரு திருகு போட்டுத் தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். “எல்லாம் சரியாக இருக்கிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை” என்று வரும் கார்களில் முதலில் இதைத்தான் பார்ப்பது வழக்கம். இரட்டை முனை சுவிட்ச் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

அளவு: முதலில் காரில் என்ன தெர்மோஸ்டாட் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இன்ஜினுக்கு வழக்கமானது 82 டிகிரி. சூடான நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88. ஃபேன் தொடங்கும் அளவு தெர்மோஸ்டாட்டைவிட 8 முதல் 10 டிகிரி மேலே, நிற்கும் அளவு தெர்மோஸ்டாட்டைவிட 3 முதல் 5 டிகிரி மேலே இருக்கட்டும். 82 தெர்மோஸ்டாட்டுக்கு 92-ல் ஓடி 87-ல் நிற்கும் சுவிட்ச் பொருத்தமானது.

நிற்கும் அளவு தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே போய்விட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. ஏனென்றால் தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் நீரை 82-க்குக் கீழே இறங்க விடாது, சுவிட்ச்சோ 80-க்காகக் காத்துக்கொண்டிருக்கும். “சீக்கிரமே குளிரட்டும்” என்று குறைந்த அளவு சுவிட்ச் வாங்குகிறவர்களுக்கு இது நடக்கிறது.

பொருத்தும் முறை: இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகே மூடியைத் திறங்கள். வடிகுழாய் இல்லாத ரேடியேட்டரில் கீழ் ஹோஸைத் தளர்த்தி ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும், அதனால் தரையில் விடாதீர்கள். ஹோஸின் நேரான பகுதியில், அடாப்டர் நீளத்தைக் கணக்கிட்டு வெட்டுங்கள். கிளாம்ப்புகளின் திருகுகள் பின்னால் ஸ்குரூடிரைவர் எட்டும் பக்கம் பார்க்கட்டும்.

8. ஒயரிங்

ரிலேயைச் சாக்கெட்டின் முனைகள் கீழ் நோக்கி இருக்கும்படி உள் விங்கில் திருகுங்கள். மேல் நோக்கி இருந்தால் நீர் தேங்கும்.

முனை 30: எப்போதும் கரண்ட் உள்ள பழுப்பு இணைப்பிலிருந்து. ஸ்டார்ட்டர் சோலனாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட் நல்ல இடம். ஃபியூஸ் ஹோல்டர் அங்கிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் எங்காவது பாடியில் உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

முனை 87: ஃபேனுக்கு.

முனை 86: ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் வரும் பச்சை முனையிலிருந்து. காயில் எடுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு, இருக்கிற ஃபியூஸ் தாங்கும்.

முனை 85: டெம்பரேச்சர் சுவிட்ச்சுக்கு. சுவிட்ச்சின் மறுமுனை எர்த்.

ஃபேனின் மறு ஒயர்: அதே தடிமனில் நேராக எர்த்துக்கு. ரேடியேட்டர் பட்டையில் சும்மா கட்டிவிடாதீர்கள், அது ரப்பர் வாஷரில் நிற்கிறது. பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் லக்கை (ஒயர் முனை வளையத்தை) இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஃபேன் ஒயரை நேராகவே பச்சை ஃபியூஸில் கொடுத்தால் என்ன, ரிலே எதற்கு? இரண்டு காரணம். லூகாஸ் 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் என்பது 35-ல் எரியும் ஃபியூஸ். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அந்த 17-ல் ஏற்கெனவே வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் இருக்கின்றன.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. சாவியை நிறுத்திய பிறகும் ஃபேன் சில நொடி சுற்றும். சுற்றும் மோட்டார் அப்போது ஜெனரேட்டராகிவிடும். அதன் ஒயர் இக்னிஷன் சுற்றோடு சேர்ந்திருந்தால் அந்தக் கரண்ட் திரும்பிப் போய் இக்னிஷன் காயிலுக்கு உயிர் கொடுக்கும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் இருமிக்கொண்டே ஓடும். கார்ப்பரேட்டரைக் குற்றம் சொல்லிப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. பழுப்பிலிருந்து ரிலே வழியாகக் கரண்ட் எடுத்தால் அந்தப் பாதையே இல்லை.

டாஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச் வையுங்கள், டெம்பரேச்சர் சுவிட்ச்சுக்கு இணையாக, 85-க்கும் எர்த்துக்கும் நடுவில். டெம்பரேச்சர் சுவிட்ச் வழியில் செத்துப்போனால் கையால் போட்டு வீடு சேரலாம். அதன் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு, 87-லிருந்து. இந்த மெல்லிய ஒயருக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் தனியாக வேண்டும், 20 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் காப்பாற்றாது.

9. இன்ஜினை ஓட்டாமல் முதல் சோதனை

பேட்டரியை இணைத்து, சாவி போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கைச் சுவிட்ச்சை அழுத்துங்கள். ரிலே டிக் என்று சொல்லி ஃபேன் ஓட வேண்டும். ஒரு தாளை ரேடியேட்டரின் பின் பக்கம், இன்ஜின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தாள் இன்ஜினை நோக்கி விலக வேண்டும். ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டால் காற்று முன்னால் போகிறது, ஒயர் மாறியிருக்கிறது. இதைப் பார்க்காமல் விட்டால், ஓடும்போது வரும் காற்றை ஃபேன் எதிர்த்து நிற்கும், பழைய ஃபேன் இருந்ததைவிட மோசமாகச் சூடேறும்.

ஃபேன் ஓடும்போதே மல்டிமீட்டரில் பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஃபேன் பிளஸ்ஸுக்கும் இடையே அளவெடுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேன் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையிலும் அப்படியே. கூடினால் அந்தப் பக்கத்துக் கிரிம்ப் ஒன்று சரியில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

10. பெல்ட் ஃபேனைக் கழற்றுதல்

மேலே எல்லாம் தேறிய பிறகுதான் இது. பேட்டரியை மறுபடி கழற்றுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நான்கு போல்ட்டுகளையும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், அப்போது புல்லி சுற்றாது. பிறகு பெல்ட்டைத் தளர்த்தி முழுதாகக் கழற்றுங்கள். கை நுழையவில்லை என்றால் ரேடியேட்டரை அதன் தகட்டோடு சேர்த்துத் தூக்கிவிடுவதே விரைவு. நீர் ஏற்கெனவே வடித்துத்தான் இருக்கிறது.

அந்த நான்கு போல்ட்டுகள் ஃபேனையும் புல்லியையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஃபேன் போனதும் அதன் தடிமன் அளவுக்குப் போல்ட் நீளமாகிவிடும். அப்படியே போட்டு இறுக்கினால் முனை பின்னால் நீட்டிக்கொண்டு பம்ப் உடலில் உரசலாம், அல்லது மரை முடிந்து, இறுகியது போல் தோன்றி புல்லி தளர்ந்தே இருக்கும். அதே மரையில் நீளம் குறைந்த போல்ட்டுகளை ஸ்பிரிங் வாஷரோடு போடுங்கள். புல்லியைக் கையால் சுற்றி உரசல் இல்லை என்று பாருங்கள்.

பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 13 மி.மீ. இறங்க வேண்டும். பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் இன்னும் இந்தப் பெல்ட்டில்தான். பழைய ஃபேனையும் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

11. நீர் நிரப்புதல்

ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் முழுதாகத் திருப்பி வால்வைத் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் ஹீட்டருக்குள் காற்று சிக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து மெதுவாக ஊற்றுங்கள், மேல் ஹோஸை விரலால் அமுக்கி அமுக்கி விடுங்கள். மூடி போடாமல் இன்ஜினை ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடானதும் மட்டம் இறங்கும். அப்போது நிரப்பி மூடியைப் போடுங்கள். காற்றுக் குமிழி சுவிட்ச் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டால் சுவிட்ச் நீரைத் தொடாது, ஃபேன் தாமதமாகவே ஓடும்.

12. சூட்டில் சோதனை

வெயில் நேரத்தில் காரை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிழலில்லாத இடத்தில் ஐட்லிங்கில் விடுங்கள். பானட் மூடியே இருக்கட்டும். திறந்து வைத்துச் சோதிப்பது உண்மையான நிலை அல்ல. முள் மெதுவாக ஏறி, ஃபேன் விளக்கு எரிந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் அணைய வேண்டும். பிறகு மறுபடி எரிய வேண்டும். இப்படி ஐந்து சுற்று வந்தால் வேலை தேறியது.

தொடாமல் தூரத்திலிருந்தே அளக்கும் வெப்பமானி இருந்தால் தெர்மோஸ்டாட் கூட்டில் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஒரு கறுப்பு டேப் துண்டை ஒட்டி அதன் மேல் பிடித்தால் சரியாகக் காட்டும்.

பிறகு ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு ஐட்லிங்கில் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். 13-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 12.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது. ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், அப்போதும் ஏறாவிட்டால் இரண்டாம் படியில் போட்ட கணக்குக்குத் திரும்புங்கள்.

13. கோளாறு வந்தால்

ஃபேன் நிற்காமல் ஓடுகிறது: டெம்பரேச்சர் சுவிட்ச் ஒயரைக் கழற்றுங்கள். ஃபேன் நின்றால், சுவிட்ச்சின் அளவு தவறு அல்லது சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. நிற்காவிட்டால் கைச் சுவிட்ச்சையும் 85-லிருந்து போகும் ஒயரையும் பாருங்கள், எங்கோ பாடியில் படுகிறது. அதுவும் இல்லையென்றால் ரிலே ஒட்டியிருக்கிறது.

ஃபேன் ஓடவே இல்லை: கைச் சுவிட்ச்சில் ஓடினால் குற்றம் டெம்பரேச்சர் சுவிட்ச்சில் அல்லது அதன் எர்த்தில். கைச் சுவிட்ச்சிலும் ஓடாமல், ரிலே டிக் என்றால் 20 ஆம்பியர் ஃபியூஸ். டிக் சத்தமே இல்லை என்றால் பச்சை ஒயர்.

ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது: மோட்டார் தொடங்கும் நொடியில் ஓடும் கரண்ட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுப்பது இயல்பு, 20 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கும். எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். இலை எங்கோ உரசுகிறது அல்லது மோட்டார் பேரிங் இறுகுகிறது.

ஃபேன் ஓடியும் முள் இறங்கவில்லை: தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். காற்றுத் திசை சரி என்றால் ரேடியேட்டர் முகத்தில் வெப்பமானியை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன.

14. முதல் மாதம்

புதிய ஹோஸ் சில முறை சூடாகி ஆறியதும் சற்று அமுங்கிக் கொடுக்கும். அதனால் 100 கி.மீ. ஓடிய பிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அடாப்டரின் இரண்டு கிளாம்ப்புகளையும் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். ஃபேன் பட்டை நட்டுகளையும், புல்லியின் நான்கு போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ஹோல்டர்கள் முதலில் அங்கேதான் பழுதாகும். உதிரி ஃபியூஸ் ஒன்றையும் உதிரி ரிலே ஒன்றையும் டேப் சுற்றி ஜாக்கியோடு டிக்கியில் போட்டு வையுங்கள்.